ஆணி அடிக்கக் கூடாத வீடு

மற்ற பிள்ளைகளைப் பூச்சாண்டி காட்டி மிரட்டி வளர்த்தார்கள் என்றால், என்னைச் சபைக் கமிட்டியைக் காட்டி மிரட்டி வளர்த்தார்கள். சுவரில் கிறுக்கினால் கமிட்டி வரும். சன்னல் பலகையில் தொங்கினால் கமிட்டி வரும். ஆணி என்ற சொல்லை உச்சரித்தாலே கமிட்டி வந்துவிடும் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு நாள் கமிட்டி நிஜமாகவே வந்தபோது, அது வழுக்கைத் தலையுடன் மூன்று பேராக வந்து, டீ குடித்துவிட்டுப் போயிற்று.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற பக்கம், சாலையை விட்டு உள்ளே தள்ளி வேப்பமரங்களுக்கு நடுவில் இருந்தது அந்தப் பங்களா. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டி, இரண்டு கோடைகூட முழுதாக அனுபவிக்காமல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாராம். அவர் போனபின் பள்ளிக்கூடம், தானியக் கிடங்கு என்று என்னென்னவோ ஆகி, கடைசியில் புராதனக் கட்டடம் ஆகிவிட்டது. அப்படி ஆகிவிட்டால் அதில் யாரும் குடியிருக்க முடியாது, பெருக்க மட்டும்தான் முடியும். பெருக்கிப் பூட்டிவைக்கும் வேலை அம்மாவுடையது. அதற்காகப் பின்கட்டில் இரண்டு அறைகளை எங்களுக்கு விட்டிருந்தார்கள். எப்போதாவது கேமராவோடு வருகிறவர்கள் கூடத்து உத்தரங்களை அண்ணாந்து பார்த்து வாய்பிளப்பார்கள். எங்கள் அடுப்படிக்கு மேலே ஒழுகும் இடத்தை ஒருவரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

வாசலில் ஒரு பலகை உண்டு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, எதையும் ஒட்டக் கூடாது, முன்பக்கத்தில் மின்விளக்கு போடக் கூடாது என்று வரிசையாக எழுதியிருக்கும். ஆனால் கிறிஸ்மஸுக்கு மட்டும் போர்டிகோவை நாங்கள் அலங்கரித்துக்கொள்ளலாம் என்று கமிட்டி பெரியமனது பண்ணியிருந்தது. ஆணியும் இல்லை, பசையும் இல்லை என்றால் என்ன செய்வது? கட்டத்தான் வேண்டும். நட்சத்திரத்தைக் கூரைக் கொக்கியில் கட்டுவோம். நான்கு தூண்களையும் சுற்றிச் சணல் இழுத்து, அதில் காற்றாடிக் காகிதப் பூக்களை ஒவ்வொன்றாகக் கட்டுவோம். ஊரெல்லாம் சீரியல் செட் மினுங்கும்போது எங்கள் கிறிஸ்மஸ் முழுக்க நூலிலும் முடிச்சிலும்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

நான் சொல்லவந்தது நான்காம் வகுப்பு படித்தபோது வந்த கிறிஸ்மஸைப் பற்றி. அந்த வருடம் ஆடி மாதம் அப்பா வேலை பார்த்த கார் பாகக் கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. சுட்டுவிரல் முழுதாகவும் நடுவிரல் பாதியும் போய்விட்டன. மீதி இரண்டு விரல்கள் தையல் போட்டு விறைத்துக் கிடந்தன. கட்டைவிரல் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஆடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, நாள் முழுக்க அமுக்கச் சொன்னாராம். நான் அதைச் சுவரில் அடித்து விளையாடியதற்கு அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். ஒரு பந்துக்கா இந்த அடி என்று எனக்கு ஆறவே இல்லை.

இரண்டே அறை உள்ள வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. அதனால் அப்பாவின் வேலை சங்கதி எனக்கும் தெரியும். பழையபடி பிரஸ்ஸில் நிற்க முடியாது. அதே கம்பெனியின் இன்னொரு ஷெட்டில், காருக்குள் போகும் ஒயர்களைக் கொத்தாகச் சேர்த்துக் கட்டி கிளிப் மாட்டுகிற மேசை ஒன்று இருந்தது. பெரும்பாலும் பெண்பிள்ளைகள் செய்கிற விரல் வேலை. புதுவருடம் பிறந்ததும் அதில் ஓர் ஆள் வேண்டும். கை ஒத்துழைத்தால் அப்பா பெயரை எழுதித் தருகிறேன் என்று லைன் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஒத்துழைக்காவிட்டால் டிசம்பரோடு கான்ட்ராக்ட் முடிந்தது. அப்பாவுக்கு அந்த மேசை கிடைக்கவேண்டும் என்று நான் தினமும் ஜெபம் பண்ணினேன். கம்பெனி பஸ் எங்கள் வாசலில் நின்று அப்பாவை ஏற்றிக்கொண்டு போவதைச் சிநேகிதிகள் மறுபடி பார்க்கவேண்டும் என்பது என் கவலை.

அப்பா வீட்டில் இருந்த அந்த மாதங்களில் அம்மா வேறொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தாள். விடிவதற்குள் கிளம்பி, சாயங்காலம் வந்து, பங்களா முழுவதையும் பெருக்கிவிட்டு உலை வைப்பாள். சோற்றைப் பிசைந்த கை தட்டிலேயே இருக்க உட்கார்ந்தபடி தூங்கிப்போவாள். நான் தொட்டு எழுப்பினால், “தூங்கல, கண்ண மூடிகினு இருந்தேன்” என்பாள். அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு மட்டும்தான் பண்டிகை வந்துகொண்டிருந்தது.

டிசம்பர் பிறந்ததும் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. டயர் கம்பெனியில் வேலை, வாயில் எப்போதும் கிண்டல். “இன்னா மாமா, இந்தக் கையோட ஸ்டார் கட்றேன்னு உக்காந்துகினு இருக்க? சுங்குவார்சத்திரத்துல பிளாஸ்டிக் ஸ்டார் தொங்குது. பேட்டரி போட்டா பத்து கலர் அடிக்கும். ஒயர் இல்லாததால கமிட்டி வாயும் அடையும். வாங்கிகினு வரட்டா?”

எனக்கு அந்தப் பத்து கலர் கண்ணிலேயே நின்றது. அப்பா தலையை ஆட்டிவிட்டார். “வேணாம் மச்சான். நம்ம வூட்டு ஸ்டார நாமளே கட்டிக்கலாம். எனக்கும் பொழுது போவணும்ல?”

ஸ்டார் மட்டும் இல்லை. அந்த வருடம் எதையும் கடையில் வாங்கக் கூடாது என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். பூவா, வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். முறுக்கா, வீட்டில் பிழியலாம், நானே பிழிகிறேன். சோமாஸா, ஓரத்தை நானே மடிக்கிறேன். மடித்த சோமாஸ் எண்ணெயில் வாயைத் திறந்து பூரணத்தையெல்லாம் கக்கியது. அம்மா எண்ணெயை வடிகட்டினாள். அப்பாவுக்குக் கஞ்சத்தனம் வந்துவிட்டது என்று நான் சிநேகிதிகளிடம் சொல்லிவைத்தேன்.

மூங்கில் தப்பைகளை மாமா பிடித்துக்கொள்ள, ஸ்டார் எப்படியோ உருவாகிவிட்டது. பூக்கள்தான் பெரும்பாடு. நூலைக் கட்டைவிரலுக்கும் விறைத்த விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து இழுப்பார். பாதியில் நூல் நழுவும். மறுபடி முதலிலிருந்து. அரைப்பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் ஒரு பூவைக் கட்டுவதற்குள் நான் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடித்துவிடலாம். முடிச்சு ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவில் உருண்டையாக இருக்கும். இருந்தும் பிடித்து நிற்காது. ராத்திரி சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகப்போக அதிர்ந்து, காலையில் எழுந்து பார்த்தால் ஐந்தாறு பூக்கள் தரையில் கிடக்கும். அப்பா அவற்றைப் பொறுக்கி எடுத்து, ஸ்டூலில் ஏறி, அதே இடத்தில் மறுபடி கட்டுவார். ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் சலிப்பாக இருந்தது.

“நான் கட்டட்டாம்மா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அப்பா கட்றதுல நீ கை வெக்காத, இன்னா? சொல்லிட்டேன்” என்றாள் அம்மா. காகிதத்தைக் கிழித்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். எனக்கோ பூக்கட்டத் தெரியும் என்று அப்போது ஏகப்பட்ட பெருமை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மல்லி கட்டும்போது பார்த்துப் பழகியிருந்தேன். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நூலை வளையமாக மாட்டி, பூக்காம்பின் மேல் கவிழ்த்து ஒரு இழு இழுத்தால் போதும், அசையாது.

லீவு விட்ட மறுநாள் அப்பா கையைக் காட்ட ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அம்மா ஷிஃப்டில் இருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். முதலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பூவை மட்டும் சரிசெய்யலாம் என்றுதான். அது அழகாக நின்றுவிட்டது. அப்புறம் பக்கத்துப் பூவின் புளியங்கொட்டை கண்ணை உறுத்தியது. கத்தரிக்கோலை எடுத்துவந்து நான்கு தூணிலும் அப்பா போட்ட முடிச்சுகளை எல்லாம் வெட்டியெடுத்து, ஒவ்வொரு பூவையும் என் முடிச்சில் கட்டினேன். சாயங்காலம் ஆகிவிட்டது. வெட்டிய நூல்துண்டுகளைப் பெருக்கி வேப்பமரத்தடியில் கொட்டினேன். கிறிஸ்மஸ் பரிசு என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதை நானும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

பஸ் நெரிசலில் நசுங்கி வந்த அப்பா எதையும் கவனிக்கவில்லை. தோரணம் தலைக்கு மேலே இருந்தது. கீழிருந்து பார்த்தால் பூ தெரியுமே தவிர முடிச்சு தெரியாது. மறுநாள் காலையில் ஒரு பூவும் விழவில்லை. அதற்கடுத்த நாளும் விழவில்லை. அப்பா தரையைப் பார்ப்பார், மேலே பார்ப்பார், ரப்பர் பந்தை எடுத்து அமுக்கிக்கொண்டே உள்ளே போவார். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்து, “பாத்தியா? மூணு நாளா ஒரு பூகூட கீய வுழல” என்றார். ஆடிக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. அம்மாவும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். ரகசியத்தைக் காப்பாற்றுவது அவ்வளவு இனிப்பாக இருந்தது.

கிறிஸ்மஸ் அன்று அதிகாலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தோம். பாடும்போது அம்மா நின்றபடியே தூங்கினாள். வந்ததும் பிரியாணிக்கு அடுப்பு மூட்டினாள். மாமா கோழியோடு வந்து சேர்ந்தார். பன்னிரண்டு மணிவாக்கில் சூப்பர்வைசரின் பைக் உள்ளே நுழைந்தது.

அவர் விருதுநகர் பக்கத்து ஆள். அப்பாவைவிட ரொம்பச் சின்னவர். அவர் அப்பாவை அண்ணே என்பார், அப்பா அவரை சார் என்பார். ஒற்றை அறையில் மூன்று பேரோடு தங்கி, கடைச் சாப்பாடு சாப்பிட்டு வாடிப்போயிருந்த மனிதர். கிறிஸ்துவர் வீட்டுப் பிரியாணிக்காக வந்தார் என்று சொன்னாலும், அப்பாவின் கையைப் பார்க்கத்தான் வந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஷிஃப்டுக்குப் போகுமுன் ஒரு மணிநேரம் இருந்தது அவருக்கு. அப்பா வலது கையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

போர்டிகோவில் பாய் விரித்துச் சாப்பிட்டார் அவர். நிதானமாக, இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து தூணருகில் நின்று அண்ணாந்து பார்த்தார். உயரமான ஆள். கையை நீட்டி ஒரு பூவைப் பிடித்துத் திருப்பினார். அப்புறம் அடுத்த பூ. அதற்கடுத்தது.

“அண்ணே, இது எல்லாம் நீங்களா கட்டுனீக?”

அப்பா சிரித்துக்கொண்டே எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றார். சூப்பர்வைசர் திருப்பிப் பிடித்திருந்த பூவைப் பார்த்தார். இடது கையால் அதை வாங்கி, முடிச்சின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். இன்னொரு பூவை இழுத்துப் பார்த்தார். சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. அம்மா சொம்போடு வாசற்படியில் நின்றவள் அப்படியே நின்றாள்.

“எங்க மாமா கையி மெஷினு மாதிரி சார்” என்றார் மாமா. சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

நான் வாயைத் திறந்தேன். நான்தான், நான்தான் கட்டினேன் என்று கத்துவதற்குச் சரியான சமயம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அம்மா என் தோளைப் பிடித்தாள். வலித்தது. “உள்ள போயி சாருக்கு முறுக்கு எடுத்துகினு வா. போ.”

உள்ளே போகும்போது அப்பாவின் குரல் கேட்டது. “ஆமா சார். நான்தான் கட்டினேன்.”

வகுப்பில் என் கணக்கைப் பார்த்து எழுதிவிட்டு டீச்சரிடம் தன்னுடையது என்று நீட்டுவாளே ஒருத்தி, அவள் மேல் வந்த கோபம்தான் அப்பா மேலும் வந்தது. நான் முறுக்குத் தட்டோடு வெளியே வந்தபோது சூப்பர்வைசர் போனில் தோரணத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். “எங்க ஊருச் சந்தையில பூக்கட்டுறவுககூட இம்புட்டு நறுவிசாக் கட்ட மாட்டாகண்ணே. மேனேஜர்ட்டயே காட்டுதேன். நீங்க கவலைய விடுங்க” என்றார். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது. அப்பா துண்டுக்குள்ளிருந்த கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

ஜனவரியில் கம்பெனி பஸ் எங்கள் வாசலில் நின்றது. நான் ஆசைப்பட்டபடி சிநேகிதிகளும் பார்த்தார்கள். பொங்கலுக்கு முன்பே அது நிற்பதை விட்டுவிட்டது. அந்த மேசையில் பக்கத்துப் பெண்கள் பத்துக் கொத்து கட்டுவதற்குள் அப்பாவால் ஒன்றுகூட முடிக்க முடியவில்லையாம். யார் இந்த ஆளுக்கு எழுதிக் கொடுத்தது என்று சூப்பர்வைசருக்கும் மேலிடத்தில் நல்ல பேச்சு. அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப்பக்கம் வரவில்லை. பிறகு ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் திறந்து மூடும் வேலை அப்பாவுக்குக் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. இப்போது நானே ஷிஃப்ட் முடிந்து கால் வீங்கி வீடு திரும்புகிறவள். பூக்கட்டும் நூலைக் கையால் தொட்டு எவ்வளவோ வருடமாகிறது. தன் முடிச்சுகளை ஏன் வெட்டினாய் என்று அப்பா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆனால் அன்று மத்தியானம் நடந்ததைச் சொல்லவேண்டும். சூப்பர்வைசர் போனதும் மாமாவும் கிளம்பினார். அம்மா பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் பாயில் சுருண்டு படுத்துவிட்டாள். அப்பா ஸ்டூலில் ஏறி ஒரு தூணின் தோரணத்தை முழுசாக அவிழ்த்துக் கீழே இறக்கினார். தரையில் உட்கார்ந்து பூக்களை மடியில் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

“இதை எப்டி கட்டின? அப்பாக்குக் காமி.”

கோபம் பறந்துவிட்டது. உட்கார்ந்து கட்டிக் காட்டினேன். அவர் குனிந்து, பரீட்சைக்குப் படிக்கிற பையனைப்போல என் விரல்களையே பார்த்தார். நூலை வாங்கித் தன் கையில் சுற்றினார். அது சுற்றிக்கொண்டு நிற்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நழுவிக் கீழே விழுந்தது.

“அப்டி இல்லப்பா. இந்த ரெண்டு வெரல்லதான் மாட்டணும்” என்று என் விரல்களை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினேன். அவர் தலையாட்டினார். இடது கைக்கு மாற்றிக்கொண்டார். இடது கையில் வளையம் விழுந்தது, ஆனால் பூவைப் பிடிக்கவேண்டிய வலது கை காம்பை நசுக்கிவிட்டது. “தப்பு, தப்பு” என்று டீச்சரைப்போல அவர் முட்டியில் தட்டினேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவைத்தார். “இன்னொரு வாட்டி காமி” என்றார். காட்டினேன். “மெதுவா. இன்னொரு வாட்டி.” காட்டினேன். நான்கைந்து முறை ஆனதும் எனக்கு அலுத்துவிட்டது. வெளியே பட்டாசுச் சத்தம் கேட்டது. டப்பாவில் முறுக்கு இருந்தது.

“போதும்பா, நாளைக்குச் சொல்லித் தரேன்” என்று எழுந்தேன்.

“ஒரே ஒரு வாட்டிமா.”

பெரியவர்களுக்கும் விளையாட்டு ஆசை வந்தால் சுலபத்தில் விடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முறுக்கை எடுத்துக் கடித்தபடி நான் வெளியே ஓடிவிட்டேன்.